வெளுத்ததெல்லாம் உப்பா?

செயற்கைக்கோள் படத்தோடு மரக்காணம் உப்பளத்தில் இறங்குகிறார்கள் ஜி.ஐ.எஸ். மாணவர்கள். அவர்கள் தீட்டும் நிறத்தால் யாருக்கு என்ன ஆகும்?

விடிய இன்னும் அரை மணி இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு வரப்பில் இறங்கியதுமே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மிதித்து இறுக்கிய பாத்தியில் செருப்புத் தடம் விழுந்தால் சேறு கலங்கி உப்பு கறுத்துவிடுமாம். டார்ச் வெளிச்சத்தில் நாலைந்து பேர் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘சர்ர்... சர்ர்...’ என்ற சத்தம் மட்டும் அந்தப் பரப்பு முழுக்கக் கேட்கிறது. வெயில் ஏறினால் வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைக்கும் என்பதால், இங்கே பாதி வேலை சூரியன் எழுவதற்குள் முடிந்துவிடுகிறது.

எங்களோடு வந்த மாணவி முதுகலை இரண்டாம் ஆண்டு. படிப்பது தொலை உணர்வும் புவியியல் தகவல் முறைமையும். எல்லோர் வாயிலும் அது ‘ஜி.ஐ.எஸ்.’தான். துறையில் கேட்டு வாங்கிய ஜி.பி.எஸ். கருவி ஒரு கையில். செயற்கைக்கோள் படத்திலிருந்து அவரே தயாரித்த நிலப்பயன்பாட்டு வரைபடம், பிளாஸ்டிக் உறைக்குள், இன்னொரு கையில். கருவி காட்டிய எண்களை வரைபடத்தில் தேடிப் பிடித்தவரின் முகம் சுருங்கியது. அவர் நின்ற இடம் படத்தில் நீலம். அதாவது, திறந்த நீர்ப்பரப்பு. காலடியிலோ உள்ளங்காலைக் குத்தும் கல்லுப்பு.

“அக்கா, இங்க எப்பவும் தண்ணி நிக்குமா?”

பலகையை ஊன்றி நிமிர்ந்த அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். “இன்னா பாப்பா கேக்குற? ஐப்பசில இது ஏரி. தையில தண்ணி வடிஞ்சா சேறு. அப்புறம் வரப்பு போட்டு, மிதிச்சு, தண்ணி கட்டுனா அளம். நீ எந்த மாசத்தக் கேக்குற, அதச் சொல்லு.”

மாணவி படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். டிசம்பர்.

நிறத்துக்குப் பின்னால் ஒரு அட்டவணை

கைப்பேசியில் வழி தேடுகிற எல்லோருக்கும் வரைபடம் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் அட்டவணையைப் பார்த்தவர்கள் குறைவு. ஜி.ஐ.எஸ். என்பதே அந்த அட்டவணைதான். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் கட்டத்துக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு. இந்த நிலம் யாருடையது, பரப்பு என்ன, எந்த வகை, எப்போது அளந்தது என்று பத்தி பத்தியாகத் தகவல் அடுக்கியிருக்கும். சாலை ஒரு அடுக்கு, ஏரி ஒரு அடுக்கு, மக்கள்தொகை ஒரு அடுக்கு. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கேள்வி கேட்கலாம்: ‘கழிமுகத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் வீடுகள் எத்தனை?’ நொடியில் பதில் வரும். பதில் சரியா என்பது, ‘கழிமுகம்’ என்ற பத்தியில் யார் என்ன எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

1960-களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கெடுக்க ராஜர் டாம்லின்சன் உருவாக்கிய முறை இது. அறை நிறைய இயந்திரம் கேட்ட வேலையை இன்று சுமாரான ஒரு லேப்டாப் செய்கிறது. மென்பொருளும் இலவசம், படமும் இலவசம். அதனால்தான் கேள்வி இடம் மாறிவிட்டது. ‘எப்படி வரைவது’ என்பதைக் கல்லூரி ஒரு செமஸ்டரில் சொல்லிக்கொடுத்துவிடும். ‘இதை என்னவென்று பெயரிடுவது’ என்பதற்குப் பாடவேளை கிடையாது. மரக்காணம் போன்ற ஓர் இடத்தில் எல்லாமே அந்தப் பெயரில்தான் தொங்குகிறது.

---
பெட்டிச் செய்தி: எங்கே படிக்கலாம்?

• அண்ணா பல்கலைக்கழகம், கிண்டி: தொலை உணர்வு நிறுவனம் இங்கே இயங்குகிறது. ஜியோ இன்பர்மேட்டிக்ஸில் பி.இ., தொலை உணர்வு மற்றும் ஜியோமேட்டிக்ஸில் எம்.இ. உண்டு. எம்.இ. சேர்க்கைக்கு ‘கேட்’ மதிப்பெண் அல்லது ‘சீட்டா’ நுழைவுத்தேர்வு.

• பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருச்சி: நிலவியலோடு இணைந்த ஜியோ இன்பர்மேட்டிக்ஸ் எம்.டெக்.

• இந்தியத் தொலை உணர்வு நிறுவனம், டேராடூன்: இஸ்ரோவின் கீழ் இயங்குகிறது. 1966-ல் நெதர்லாந்து ஒத்துழைப்போடு, விமானப் படங்களைப் படித்தறியச் சொல்லித்தரும் நிறுவனமாகத் தொடங்கியது. எம்.டெக். தவிர, வீட்டிலிருந்தே படிக்க இலவச ஆன்லைன் வகுப்புகளும் நடத்துகிறது.

• ‘கேட்’ தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் தனித்தாளாக நுழைந்தது 2022-ல். அதற்கு முன் இந்தத் துறை மாணவர்கள் சிவிலோ வேறு எதுவோ எழுதிவிட்டு வந்தார்கள்.
---

எட்டுப் பேரில் தொடங்கிய கதை

டிஜிட்டல் என்றதும் இது ஏதோ நேற்று இறக்குமதியான படிப்பு என்ற எண்ணம் வருகிறது. நில அளவைக்குச் சென்னை பழைய ஊர். மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி, 1794 மே மாதம் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் சர்வே புறப்பட்டது.

அளந்தது எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரி வசூலுக்கும் படை நடத்தவும். அந்த அளவையில் வரி தராத நிலத்துக்கு விழுந்த பெயர் ‘தரிசு’ அல்லது ‘புறம்போக்கு’. மாடு மேய்ந்த இடம், வலை காய்ந்த இடம், கழிநீர் ஏறி இறங்கிய இடம் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கின. புலப்படங்கள் இன்று கணினிக்குள் போய்விட்டன. சர்வேயர் கையில் சங்கிலிக்குப் பதில் செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் ‘ரோவர்’ வந்துவிட்டது. அந்தச் சொற்கள் மட்டும் அதே பத்தியில் அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

வெளுத்ததெல்லாம் உப்பல்ல

செயற்கைக்கோள் ஒரு நிலத்தைப் ‘பார்ப்பது’ நாம் பார்ப்பது போலல்ல. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை நிறவாரியாகப் பிரித்து எண்களாக அனுப்புகிறது. செடி அகச்சிவப்பை அதிகம் திருப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்தே ‘இது நீர், இது பயிர்’ என்று மென்பொருள் வகைபிரிக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஐந்து நாளைக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேல் வரும். எல்லாம் சரி. ஆனால், மரக்காணத்தில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது.

விளைந்த உப்பு பளீரென்று வெளுத்திருக்கும். காய்ந்த கடற்கரை மணலும் அப்படியே, தகரக் கூரையும் அப்படியே, மேகத்துண்டும் அப்படியே. தண்ணீர் கட்டிய பாத்தியும் இறால் குட்டையும் படத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். உப்புச் செறிவு ஏறிய பாத்தியில் நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அளத்துக்காரர்கள் அதைப் பார்த்தே பதம் சொல்வார்கள். மென்பொருளோ அதை வேறு ஏதோ வகையில் சேர்த்துவிடும். ஆகவே, மாணவர்கள் ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்று சொல்லும் களச் சரிபார்ப்பு இங்கே சம்பிரதாயம் அல்ல. பத்துப் புள்ளியைத் தூரத்திலிருந்து பார்த்து டிக் அடித்துவிட்டு, ஈ.சி.ஆர். ஓட்டலில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய ஆய்வுகளும் உலகத்தில் உண்டு என்று அந்த மாணவியே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மழைக்காலத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் மேகம் மறைப்பதால் சாதாரணப் படம் உதவாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படம்தான் வேண்டும். சென்டினல்-1, இஸ்ரோ 2022 பிப்ரவரியில் ஏவிய இ.ஓ.எஸ்-04 ஆகியவை அந்த வகை. ரேடார் படத்தில் அசையாத நீர்ப்பரப்பு கறுப்பாகத் தெரியும். கறுப்பை எல்லாம் கூட்டினால் வெள்ளம் சூழ்ந்த பரப்பு கிடைத்துவிடும்.

அளத்தில் அது கிடைக்காது. தண்ணீர் கட்டிய பாத்தி வெள்ளமில்லாத நாளிலும் கறுப்புதான். புயலுக்கு முந்தைய படத்தை வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். முந்தைய படமும் எந்த மாதத்தது என்று கேட்க வேண்டும். இதில் கை தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும். வெள்ளமே வராத இடம் வெள்ளக் கணக்கில் ஏறும், அல்லது வரப்பு உடைந்து, குவித்து வைத்த உப்பு கரைந்துபோன இடம் ‘வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் பகுதி’ என்று ஒதுக்கப்படும். உப்பு பயிர் அல்ல. அதனால் பயிர்ச்சேதக் கணக்கில் அதற்கு வரியே கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்கென மாநில அரசு 5,000 ரூபாய் தருகிறது. அது ஆளுக்கான உதவி. உடைந்த வரப்புக்கும் கரைந்த குவியலுக்கும் யார் ஆதாரம் காட்டுவது? படம்தான் காட்ட வேண்டும்.

உயரக் கணக்கு தனிக்கதை. உலகம் முழுக்க மாணவர்கள் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று 11 நாள் சுற்றி எடுத்தது. அதில் சில மீட்டர் பிழை சகஜம். மலையில் அது ஒன்றுமில்லை. மரக்காணம் அளத்திலோ ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் உள்ள வாட்டம் விரல்கடை அளவு. அந்த விரல்கடையை நம்பித்தான் தண்ணீர் தானாக ஓடி, பாத்தி பாத்தியாகக் காய்ந்து, கடைசியில் உப்பாகிறது. மீட்டர் கணக்கில் தப்பும் தரவை வைத்து இந்தத் தரையில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும் என்று மாதிரி போடுவது, மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை எடை போடும் வேலை. காலால் மிதித்து வாட்டம் பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க எந்த மென்பொருளிலும் பொத்தான் இல்லை.

---
பெட்டிச் செய்தி: உப்பு விளையும் கணக்கு

• கடல்நீரில் உப்பின் அளவு சுமார் 3.5 சதவீதம். செறிவை அளக்கும் ‘பூமே’ மானியில் இது ஏறக்குறைய 3 டிகிரி.

• காயக் காயச் செறிவு ஏறும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். 25 டிகிரி வாக்கில் சமையல் உப்பு படியத் தொடங்கும்.

• 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும்.

• வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசியில் வேலை தொடங்கி, புரட்டாசி வரை விளைச்சல். ஒரே நிலம், ஒரே ஆண்டு. படத்தில் குறைந்தது மூன்று நிறம்.
---

இரண்டு அகராதி, ஒரே சேறு

இனி வருவதுதான் வகுப்பறையில் யாரும் கறுப்புப் பலகையில் எழுதாத பாடம்.

அகமதாபாதில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நாடு முழுவதுக்குமான ஈரநில வரைபடத் தொகுப்பைத் தயாரித்தது. அதில் உப்பளத்துக்குத் தனி வகை உண்டு: மனிதர் உருவாக்கிய கடலோர ஈரநிலம். பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் பாத்தியோரம் இரை தேடுவதைப் பார்த்தவர்கள் அதில் பிழை சொல்ல மாட்டார்கள். ஆனால், 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைப் புரட்டினால், ஈரநிலம் என்பதற்கான விளக்கத்திலேயே உப்பு உற்பத்திக்காக அமைத்தவை சேராது என்று எழுதியிருக்கிறது. அட்லஸின் கண்ணுக்கு அளம் ஈரநிலம், விதியின் கண்ணுக்கு அல்ல. மாணவர் தன் அட்டவணையில் எதை எழுதுவார்?

இது சொல் விளையாட்டு அல்ல. பக்கத்தில் இருப்பது கழுவெளி. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரை வாங்கி, எடையந்திட்டு கழிமுகம் வழியாகக் கடலோடு கைகுலுக்கும் பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் ஏறியது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் உலகப் பாதுகாப்பு. இந்தப் பக்கம் மத்திய அரசின் உப்பு ஆணையர் அமைப்பு ஜெய்ப்பூரிலிருந்து பார்த்துக்கொள்ளும் நிலம், குத்தகைக்காரர்கள், கூலியாட்கள். நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். கிழக்கே மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே அகலமாகிக்கொண்டே போகும் சாலை. பறவைக்குக் கோடு தெரியாது, தண்ணீருக்கும் தெரியாது. நிலம் கேட்டு வருகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ‘காலி இடம்’ என்று வரைபடத்தில் தெரிகிற எதுவும் ரொம்ப நாள் காலியாக இருப்பதில்லை.

கடற்கரை மேலாண்மை வரைபடங்களின் சங்கதி இன்னும் நுணுக்கமானது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது, பிறகு 2011-ல், இப்போது நடப்பில் இருப்பது 2019-ல். எல்லாமே உயர் அலைக்கோட்டிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கோட்டைக் குறிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலை உணர்வு நிறுவனமும் ஒன்று. அதே வளாகத்தில் இயங்கும் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் இந்த வரைபடங்களைத் தயாரிக்கிறது. இந்தப் படிப்பை முடித்தவர்களின் கை படுகிற இடம் இது. கழிமுகங்களில் கடலின் ஆட்சி எதுவரை என்று முடிவுசெய்ய அறிவிக்கை சொல்லும் வழியைப் பாருங்கள்: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பு, ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம் வரை. சட்டத்தின் எல்லைக் கல்லை நடுவதே உப்புதான்! எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பதில் ஒரு ஊரே உள்ளே வரலாம், வெளியே போகலாம். அளத்தில் அந்த அக்கா கேட்டாரே, ‘நீ எந்த மாசத்தக் கேக்குற’ என்று... சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

2019 அறிவிக்கையின்படி தமிழ்நாட்டுக்கான வரைவு வரைபடங்கள் 2023-ல் மக்கள் கருத்துக்கு வந்தன. மீனவர் குடியிருப்புகள், படகு ஏற்றும் மணல்வெளி, வலை பின்னும் இடம், கருவாடு காயவைக்கும் களம் எல்லாம் விடுபட்டுள்ளன என்று கடலோர மாவட்டங்களில் எதிர்ப்பு கிளம்பியது. செயற்கைக்கோள் படத்தில் கருவாட்டுக் களம் எப்படித் தெரியும்? வெறும் மணலாகத்தான் தெரியும். கேட்காமல் வரைந்தால் வெறும் மணல் என்றுதான் வரையவும் முடியும்.

எண்ணூரில் நடந்தது இதைவிடத் துணிச்சல். மத்திய அரசு 1996-ல் அங்கீகரித்த வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்த எண்ணூர்க் கழிமுகம், பிறகு அலுவலகங்களில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் இல்லவே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதில்களோடு 2017-ல் இது வெளிச்சத்துக்கு வந்தபோது, மீனவர்கள் அந்த ஆற்றில்தான் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படகு மிதக்கிற ஆறு, தாளில் இல்லை.

அங்கே மீனவர்கள் தங்கள் பக்கத்துக்கும் வரைபடத்தையே ஆதாரமாக எடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வரைவது எளிதானதில் இது ஒரு நல்ல விளைவு. 2015 சென்னை வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் என்று பொதுமக்களே குறித்த இலவச வரைபடம் ஒன்று சில நாட்களில் உருவானதும் இதே வழியில்தான். இடம் குறிப்பது மீனவர்களுக்குப் புதிதும் அல்ல. கடலில் மீன்பாறை இருக்கும் இடத்தை அவர்கள் கரையை வைத்தே குறித்துவைத்திருப்பார்கள். கோபுரமும் தென்னந்தோப்பும் ஒரே நேர்கோட்டில் வரும் திசை ஒன்று, இன்னொரு பக்கம் மலையும் கலங்கரை விளக்கமும் சேரும் திசை ஒன்று. இரண்டும் வெட்டும் இடம் பாறை. லாம்டன் தியோடலைட்டைத் தோளில் தூக்க ஆள் வைத்துச் செய்ததும் இந்த முக்கோண வித்தைதான்.

‘உப்’ என்று நின்றுபோன உப்பளம்

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஜி.ஐ.எஸ். உலகில் முப்பது ஆண்டுகளாகப் புழங்கும் கோப்பு வடிவம் ‘ஷேப் ஃபைல்’. அதில் ஒரு பத்தியின் பெயருக்கு 10 பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறிக்கும், புள்ளிக்கும்கூட, மூன்று பைட். ‘உப்பளம்’ என்று எழுதி வைத்தால் 21 பைட் ஆகிறது. கோப்பு அதை வெட்டி ‘உப்’ என்று நிறுத்திவிடும். புதிய வடிவங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அலுவலகங்களும் கல்லூரிகளும் பழைய பழக்கத்தை விடவில்லை. மாணவர்கள் அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடித்துவிடுகிறார்கள்.

அப்போது கழுவெளி மூன்றாகிவிடுகிறது. ஒருவர் ‘கலிவேலி’ என்று படிக்கும்படி எழுதுவார், இன்னொருவர் ‘கலுவெல்லி’, வனத்துறை ‘கழுவெளி’. பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கச் சொன்னால் கணினி இவை மூன்று வேறு ஏரி என்று சத்தியம் செய்யும். மரக்காணத்துக்கு நாங்கள் வந்த அன்றே, வழிகாட்டும் செயலி ஒன்று எங்கள் காரை ஒற்றை வரப்பின் முனையில் கொண்டுபோய் நிறுத்தி, ‘நேராகச் செல்லவும்’ என்றது. நேரே இருந்தது முழங்கால் சேறு. ஓட்டுநர் அரை கிலோமீட்டர் பின்னாலேயே எடுக்கும்வரை அது அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

வழி சொல்வதில் இந்தக் கடற்கரைக்குப் பழைய பெருமை உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனைக் காணப் போகும் பாணனுக்கு நல்லூர் நத்தத்தனார் சொல்லும் வழி. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம், வேலூர் இன்றைய உப்புவேலூர், கிடங்கில் இன்றைய திண்டிவனம் பக்கம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். கைப்பேசியில் இந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பாருங்கள், வழி வரும். கடற்கரை, முல்லை, மருதம் என்று நிலம் மாறும் இடங்களையும் சொல்லி, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்ன வரைபடம் அது. அட்டவணையில் பத்திகள் நிறைய!

கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, சோழர் காலத்து நாடுகளின் எல்லைகளை மீட்டெடுத்தவர் எ.சுப்பராயலு. சோழநாட்டின் அரசியல் புவியியல் பற்றிய அவருடைய நூல் 1973-ல் வந்தது. கணினி இல்லாத காலத்தில், அட்டையில் எழுதி அடுக்கிச் செய்த ஜி.ஐ.எஸ். என்றே அதைச் சொல்லலாம். பின்னாளில் அவர் பணியாற்றிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தென்னிந்திய வரலாற்று வரைபடங்களை டிஜிட்டலில் கொண்டுவந்தது. மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். இந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் அங்கே போய் ஒரு நாள் உட்காரலாம்.

---
பெட்டிச் செய்தி: காசில்லாமல் தொடங்க

• கியூ.ஜி.ஐ.எஸ்.: 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய இலவச மென்பொருள். சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

• லேண்ட்சாட் படங்கள்: 1972 முதல். 2008-லிருந்து இலவசம். உங்கள் ஊர் ஏரி அரை நூற்றாண்டில் எப்படிச் சுருங்கியது என்று பார்த்துவிடலாம்.

• புவன்: இஸ்ரோவின் தளம், 2009 ஆகஸ்டில் வந்தது.

• ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்: 2004-ல் தொடங்கிய மக்கள் வரைபடம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், தமிழில் பெயர் சேர்க்கலாம்.
---

படித்தால் வேலை?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்கட்டும், நியாயம்தான். கல்லூரி விளம்பரங்களில் ராக்கெட் படம் போடுகிறார்கள். படித்து முடித்தவர்களில் பலருக்கு முதல் வேலை, ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தின் மின்கம்பத்தையும் கூரையையும் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து திரையில் கோடு இழுப்பது. அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, கை பழகும். ஆனால், இரண்டாண்டு முதுகலை அதற்குத் தேவையில்லை. இப்போது அந்தக் கோடு இழுக்கும் வேலையைக் கணினியே கற்றுக்கொண்டு வருகிறது.

வாசல் திறந்திருப்பதும் உண்மை. டோப்போ ஷீட் எனப்படும் நில வரைபடங்களில் கடற்கரையோரத்தவை பலவும் ஒரு காலத்தில் பேராசிரியரின் பீரோவில் பூட்டிக் கிடந்தவை. 2005 தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கென ஒரு வரிசையைப் பிரித்துக் கொடுத்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி இல்லாமலே வரைபடத் தரவு சேகரிக்கலாம் என்றன. ஒரு மீட்டரைவிடத் துல்லியமானதை மட்டும் வெளிநாட்டு நிறுவனங்கள் தாமே சேகரிக்க முடியாது, இந்திய நிறுவனங்களிடம் உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும். அதே ஆண்டு ட்ரோன் விதிகளும் தளர்ந்தன. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. மாநில அரசின் மின்னாளுமை முகமை, நில அளவைத் துறை, வனத்துறை, மாநகராட்சிகள், நெடுஞ்சாலை ஆலோசனை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்போது ‘ஜி.ஐ.எஸ். ஆள்’ ஒருவர் தேவைப்படுகிறார்.

பெரும்பாலும் ஒப்பந்த வேலை. மேலதிகாரி ‘நாளைக்குள் படம் வேண்டும்’ என்பார். வேண்டியது வண்ணமயமான ஒரு பக்கம், கூட்டத்தில் காட்ட. அந்தப் பக்கத்தில் ஒரு பத்தி ‘தரிசு’ என்று இருந்தால் அதைக் கேள்வி கேட்கும் தைரியம் ஒப்பந்த ஊழியருக்கு எங்கிருந்து வரும்? அது வராமல் போவதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேதி போடாத படத்தில் கையெழுத்திடக் கூடாது என்ற ஒரு பழக்கத்தையாவது கல்லூரியிலேயே கற்றுக்கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மாதம், எந்தப் படம், யாரைக் கேட்டு வகைபிரித்தது... மூன்று பத்தி, கூடுதல் செலவு இல்லை.

மதகு எந்தப் பக்கம்?

ஆனி மாதம் மறுபடி அதே வரப்பு. இப்போது விளைச்சல் நேரம். பாத்தி ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல்கள்.

மாணவி தன் வகைப்பாட்டைத் திருத்தியிருந்தார். ‘நீர்’, ‘நிலம்’ என்ற இரண்டில் ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பத்திகள், மாதத்துக்கு ஒன்று. போன முறை கேட்டுக் குறித்துக்கொண்டு போன பாத்திகளின் பெயர்களைத் தமிழிலேயே ஏற்றியிருந்தார். அதற்காகக் கோப்பு வடிவத்தை மாற்ற வேண்டியிருந்ததாம். வழிகாட்டிப் பேராசிரியர் “இவ்வளவு தேவையா?” என்றாராம்.

பெரிய தாளில் அச்செடுத்து வந்ததை வரப்பில் விரித்து நாலு மூலைக்கும் உப்புக்கட்டி வைத்தார்கள். பலகைகளைப் போட்டுவிட்டு ஆறேழு பேர் குனிந்து பார்த்தார்கள். எது சாலை, எது கால்வாய் என்று பிடிபட ஒரு நிமிடம் ஆனது. பிறகு ஆளாளுக்கு விரலை வைத்துத் தங்கள் பாத்தியைக் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்குத் தன் பாத்தி பக்கத்தவரின் பாத்தியைவிடச் சிறிதாகத் தெரிந்ததில் வருத்தம்.

அந்த அக்கா மட்டும் வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உப்பு படிந்த விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

“எல்லாம் சரிதான் பாப்பா. மதகு இந்தாண்ட இல்ல, அந்தாண்ட.”

மாணவி கருவியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். செருப்பை இந்த முறை அவரே கழற்றிவிட்டிருந்தார்.